கவர்னருக்கே சட்டம் சொல்லும் கிளார்க்

கவர்னர் என்றால் நமக்குக் கிண்டி மாளிகையும் காவலர் புடைசூழ வரும் காரும்தான் நினைவுக்கு வரும். இங்கிலாந்தில் அடுத்த தெருவில் மருந்துக்கடை வைத்திருப்பவர் கவர்னராக இருப்பார். ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் இருப்பார், கைக்குழந்தையோடு கூட்டத்துக்கு வரும் தாய் இருப்பார். அங்கே அரசு நிதியில் நடக்கும் பள்ளிகளின் நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்குத்தான் அந்தப் பட்டம். நாடெங்கும் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர். சம்பளம் இல்லை, பயணச் செலவு போன்றவற்றை வேண்டுமானால் குழு திருப்பித் தரலாம்.

கிளார்க் என்ற சொல்லும் அப்படியே தலைகீழ். நம் ஊரில் கோப்பு தள்ளுபவர் என்ற இளப்பம் அதில் ஒட்டியிருக்கிறது. அங்கே கூட்டத்தின் நடுவில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இந்த முடிவை எடுக்க இன்று உங்களுக்கு அதிகாரம் இல்லை" என்று கவர்னர்களிடம் சொல்லக்கூடியவர் அவர்தான்.

பள்ளி அன்றாடம் நடப்பது தலைமையாசிரியர் பொறுப்பு. எந்த வகுப்புக்கு யார் பாடம் எடுப்பது, உணவு இடைவேளை எத்தனை மணிக்கு என்பதிலெல்லாம் குழு தலையிடக் கூடாது. 2013-ம் ஆண்டு விதிகள் குழுவுக்குத் தந்திருக்கும் வேலை மூன்று: பள்ளி எந்தத் திசையில் போக வேண்டும் என்று தீர்மானிப்பது, அங்கே கொண்டுபோகிறாரா என்று தலைமையாசிரியரைக் கேள்வி கேட்பது, பணம் ஒழுங்காகச் செலவாகிறதா என்று பார்ப்பது. வள்ளுவர் சொல்லும் இடித்துரைக்கும் துணை என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் பகல் முழுவதும் பள்ளியிலேயே இருப்பவரை, ஆண்டுக்குச் சில மாலைகள் மட்டும் வருகிறவர் இடித்துரைக்க வேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

இந்த அதிகாரம் பெற்றோர் கைக்கு வந்ததற்குப் பின்னால் ஒரு சண்டை இருக்கிறது. வடக்கு லண்டனின் இஸ்லிங்டனில் வில்லியம் டிண்டேல் என்றொரு தொடக்கப்பள்ளி. 1974-ல் அங்கு வந்த புதிய தலைமையாசிரியரும் ஆசிரியர்கள் சிலரும், பிள்ளைகள் விரும்பியதை விரும்பியபோது படிக்கட்டும் என்று பழைய ஒழுங்கைத் தளர்த்தினார்கள். எழுதப் படிக்க வரவில்லையே என்று கலங்கிய பெற்றோர் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றத் தொடங்கினார்கள். அப்போது 'மேனேஜர்' என்று அழைக்கப்பட்ட குழு உறுப்பினர்கள் புகார் சொல்ல, ஆசிரியர்கள் எதிர்க்க, கல்வி அதிகாரிகள் தயங்கி நிற்க, ஆய்வுக்கு ஒத்துழைக்க மாட்டோம் என்று ஆசிரியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கும் அளவுக்குப் போனது. ராபின் ஆல்ட் என்ற வழக்கறிஞர் விசாரித்து 1976-ல் அறிக்கை தந்தார். தலைமையாசிரியரும் கல்வி அதிகாரிகளும் மட்டுமல்லாமல் மேனேஜர்களும் அதில் குட்டு வாங்கினார்கள். பள்ளிக்கு யார் பொறுப்பு என்பது யாருக்குமே தெளிவாகத் தெரியவில்லை என்பது ஊரறிய அம்பலமாயிற்று.

அந்தக் காலத்தில் சில ஊர்களில் டஜன் கணக்கான பள்ளிகளுக்கும் சேர்த்து ஒரே குழுதான். அதில் கட்சிக்காரர்கள் அதிகம். 1977-ல் டாம் டெய்லர் தலைமையிலான குழு அதை மாற்றச் சொன்னது. 1980 சட்டம் குழுவில் பெற்றோருக்கு இடத்தைக் கட்டாயமாக்கியது. 1988 சட்டம் பள்ளியின் வரவுசெலவையே குழுவிடம் ஒப்படைத்தது. தேநீரும் பிஸ்கட்டுமாகக் கூடிக் கலைந்த சபை, ஒரே பத்தாண்டில் பெரும் பணத்துக்குக் கணக்குச் சொல்லும் சபையாகிவிட்டது.

பாரம் ஏறிய வேகத்தில் பயிற்சி ஏறவில்லை. அந்த இடைவெளியை நிரப்புகிறவர்தான் கிளார்க். உள்ளாட்சி நிர்வாகத்தின் கீழுள்ள பள்ளிகளில் கிளார்க் இல்லாமல் குழு இயங்கவே முடியாது, சட்டம் அப்படி. ஆண்டுக்கு மூன்று கூட்டமாவது நடக்க வேண்டும். ஏழு முழு நாட்களுக்கு முன்பே அஜெண்டாவும் தாள்களும் உறுப்பினர் கையில் இருக்க வேண்டும். அன்று மாலை பாதிப் பேராவது வராவிட்டால் கோரம் இல்லை, எடுத்த முடிவு செல்லாது. அனுமதி கேட்காமல் ஆறு மாதம் தொடர்ந்து வராத உறுப்பினர் பதவி இழப்பார். இத்தனையையும் நாட்காட்டியில் குறித்து வைத்திருப்பவர் கிளார்க். பெரும்பாலும் பகுதிநேர வேலை. இரண்டு மூன்று பள்ளிகளுக்குச் சேர்த்து ஒருவரே பார்ப்பதும் உண்டு.

ஒரு தடை முக்கியமானது: தலைமையாசிரியர் கிளார்க்காக இருக்கக் கூடாது, குழுவின் கவர்னர்களும் இருக்கக் கூடாது. கேள்விக்கு உட்படுகிறவர் கையிலேயே பேனா இருந்தால் கேள்வி எப்படிப் பதிவாகும்? ஆனால் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்ப்பவரைக் கிளார்க்காக வைப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. பகலில் தலைமையாசிரியரிடம் விடுப்புக் கேட்கும் அதே ஆள், மாலையில் அவர் திணறிய பதிலை உள்ளபடி எழுத வேண்டும். எழுதுவாரா? வெளியாள்தான் நல்லது என்று தோன்றுகிறது.

எழுதுவதில்தான் சூட்சுமமும் இருக்கிறது. மினிட்ஸ் என்பது ஒலிப்பதிவு மாதிரி ஒவ்வொரு சொல்லையும் பிடிப்பதாக இருக்க வேண்டியதில்லை. அதற்காக ஒரே வரியில் முடித்துவிடவும் முடியாது. "மாணவர் வருகை குறித்து விவாதிக்கப்பட்டது" என்று ஒரு கிளார்க் எழுதினால், யாருக்கும் எதுவும் தெரியாது. "எட்டாம் வகுப்பில் மட்டும் வருகை குறைந்தது ஏன் என்று ஓர் உறுப்பினர் கேட்டார், தலைமையாசிரியர் காரணம் சொன்னார், மாதவாரியான கணக்கோடு அடுத்த கூட்டத்துக்கு வருவதாக ஒப்புக்கொண்டார்" என்று எழுதினால் மூன்று வேலை நடக்கிறது. கேள்வி பதிவாகிறது, பதில் பதிவாகிறது, அடுத்த கூட்டத்தில் "கணக்கு எங்கே?" என்று கேட்க வழி பிறக்கிறது. பள்ளி ஆய்வுத்துறையான ஆஃப்ஸ்டெட் வரும்போது, குழு உண்மையில் கேள்வி கேட்கிறதா அல்லது தலையாட்டுகிறதா என்பதற்கு இந்தத் தாள்களே சாட்சி.

பதிவு பிசகினால் யார் தலையில் விடியும் என்பது, மாணவரைப் பள்ளியிலிருந்து நிரந்தரமாக நீக்கும் விவகாரத்தில் தெரியும். நீக்கும் அதிகாரம் தலைமையாசிரியருக்கு. அது சரியா என்று 15 பள்ளி நாட்களுக்குள் கவர்னர்கள் சிலர் உட்கார்ந்து, பெற்றோரையும் அழைத்துக் கேட்டு முடிவு செய்ய வேண்டும். கவர்னர்களும் கைவிட்டால் பெற்றோர் சுதந்திரமான மறுஆய்வுக் குழுவுக்குப் போகலாம். நடைமுறை கோணலாக இருந்தால் அந்தக் குழு முடிவை ரத்துசெய்து மறுபடி யோசிக்கச் சொல்லும். அதன் பிறகும் பள்ளி மசியாவிட்டால் 4,000 பவுண்ட் இழக்க நேரும். யார் என்ன கேட்டார்கள், எந்தக் காரணத்தால் முடிவெடுத்தார்கள் என்ற கிளார்க்கின் குறிப்புதான் அங்கே பள்ளிக்கும் பிள்ளைக்கும் ஆதாரம்.

இதையெல்லாம் உணர்ந்துதான் இங்கிலாந்துக் கல்வித்துறை 2017-ல் கிளார்க்குகளுக்கென்றே ஒரு திறன் வரையறை வெளியிட்டது. சட்ட அறிவு, நிர்வாகம், ஆலோசனை சொல்லும் துணிவு எல்லாம் அதில் அடக்கம். 'கிளார்க்' என்ற பெயர் வேலையின் கனத்தைக் காட்டவில்லை என்று 'கவர்னன்ஸ் புரொபஷனல்' என்று அழைக்கும் வழக்கமும் பரவியிருக்கிறது. பெயரை மாற்றுவது எளிது. தாள்களை முந்தின நாள் இரவு அனுப்பும் தலைமையாசிரியரிடம் "ஏழு நாள் விதி இருக்கிறதே" என்று சொல்லும் கிளார்க்குக்கு, குழுத் தலைவரின் ஆதரவும் வேண்டும்.

நம் பக்கமும் ஒரு குழு உண்டு. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் அல்லது பாதுகாவலர், பாதிப் பேர் பெண்கள். பெற்றோர் எண்ணிக்கையில் இங்கிலாந்து நமக்குப் பின்னால்தான். அங்கே குறைந்தபட்சம் இரண்டு பெற்றோர் போதும். ஆனால் மத்திய அரசின் 2010 மாதிரி விதிகள் தலைமையாசிரியரையே குழுவின் கூட்டுநராக வைத்தன. கூட்டத்தைக் கூட்டும் பொறுப்பு, கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவரிடமே இருக்கிறது. கூலி வேலைக்குப் போய்விட்டு அவசரமாக வந்து உட்காரும் அம்மாவுக்கு, பதிவேட்டை எடுத்து முந்தைய பக்கத்தைக் காட்ட வேறொருவர் அந்த அறையில் இல்லை.

இரண்டு இடத்திலும் ஒரு விதி ஒன்றுபோல இருக்கிறது. கூட்டக் குறிப்பு மற்றவர்களும் பார்ப்பதற்கு உரியது. ரகசியம் என்று ஒதுக்கப்பட்ட பகுதி நீங்கலாக, அக்கறையுள்ள எவரும் பள்ளியில் போய்ப் பார்க்கலாம் என்கிறது இங்கிலாந்து விதி. நம் மாதிரி விதிகளும் மாதந்தோறும் கூடி, குறிப்பை ஒழுங்காக எழுதி, பொதுமக்களுக்குக் கிடைக்கும்படி வைக்கச் சொல்கின்றன. அடுத்த முறை பிள்ளையை விடப் போகும்போது அந்த நோட்டைக் கேட்டுப் பார்க்கலாம்.