வீட்டுப் புல்தரைக்கு எந்த ஸ்பிரிங்ளர்?

வாசலில் கொஞ்சம் புல் வளர்ப்பவர்கள் எல்லாரும் இப்போது, "ஸ்பிரிங்ளர் போட்டுடலாமா?" என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். காலை வேளையில் ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நிற்க எந்த இல்லத்தரசிக்கு முடிகிறது? ஒரு பக்கம் குக்கர் விசில், இன்னொரு பக்கம் பள்ளிக்கூட வேன். பைப்பைப் புல்லின் நடுவே போட்டுவிட்டு உள்ளே போகிறவர்கள்தான் அதிகம். திரும்பி வந்து பார்த்தால் கேட்டுக்கு வெளியே தெருவெல்லாம் தண்ணீர்!

ஆனால் ஒன்று. புடவைக் கடையில் போல, "அந்தப் பச்சை நல்லாருக்கு, எடுங்க" என்று ஸ்பிரிங்ளர் வாங்க முடியாது. நம் வீட்டுக் குழாயில் தண்ணீர் என்ன அழுத்தத்தில் வருகிறது, நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் வருகிறது, இந்த இரண்டும் தெரிந்த பிறகுதான் கடைப் படி ஏற வேண்டும். அழகு, விலை எல்லாம் அதற்குப் பிறகு.

எங்கள் வீடு கோயமுத்தூரில். முன்பக்கம் 30 அடி நீளம், 15 அடி அகலத்துக்குக் கொரியன் புல். பேரன் தவழ ஆரம்பித்த வருஷம் ஸ்பிரிங்ளர் பேச்சு வந்தது. என் மாமியாருக்கு வயது 84. "ஏங்கண்ணு, மனுஷன் குடிக்கவே தண்ணியில்லாத காலம் வந்துட்டிருக்குது. புல்லுக்கு மிஷின் வெச்சு ஊத்தோணுமா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. பெங்களூரில் என் அக்கா மகள் இருக்கிறாள். 2024 மார்ச்சில் அங்கே குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றினாலோ கார் கழுவினாலோ 5000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. அவள் போனில் அதைச் சொன்னதும் அத்தை என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே... அம்மாடி! கடைசியில் வீட்டுக்குள் ஓர் உடன்படிக்கை ஆயிற்று. சிறுவாணித் தண்ணீர் ஒரு சொட்டும் புல்லுக்குப் போகக் கூடாது. போர்த் தண்ணீர் மட்டும்தான். அதுவும் துணி, பாத்திரம் போக மிஞ்சினால். அதனால் எத்தனை தண்ணீர் வேண்டும் என்று முதலில் கணக்குப் போட உட்கார்ந்தோம்.

கணக்கு என்றதும் பயப்பட வேண்டாம். ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் உயரம் தண்ணீர் நின்றால் அது சரியாக ஒரு லிட்டர். எங்கள் புல்தரை 450 சதுர அடி. அதாவது சுமார் 42 சதுர மீட்டர். நல்ல கோடையில் புல்லுக்கு நாளொன்றுக்கு 4, 5 மில்லிமீட்டர் போதும். ஐந்து என்றே வைத்துக்கொண்டால் 210 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் 14 குடம். "பதினாலு குடமா!" என்று அத்தை வாயில் கை வைத்தார். ஆனால் ஹோஸ் பைப்பில் நிமிஷத்துக்கு 20 லிட்டர் வீதம் அரை மணி நேரம் விட்டால் 600 லிட்டர். அது 40 குடம்! அதைச் சொன்னதும், "அப்புடீன்னா அந்த மிஷினையே வெச்சுத் தொலைங்க" என்று அனுமதி கிடைத்துவிட்டது.

இனி அழுத்தத்துக்கு வருவோம். எங்கள் ஊர் மோட்டார் ஊர் அல்லவா? பம்பு கடைகளில் அழுத்தத்தைக் 'கிலோ' கணக்கில்தான் பேசுவார்கள். தண்ணீர் 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் ஒரு கிலோ பிரஷர். மாடி வீட்டு மேல்தொட்டி தரையிலிருந்து 30 அடி உயரத்தில் இருக்கும் என்றால் கீழே கிடைப்பது 0.9 கிலோ. குளிக்க, பாத்திரம் தேய்க்க இது தாராளம். ஸ்பிரிங்ளருக்கோ காணாது. புல்தரையில் போடும் சாதாரண ஸ்பிரே வகைக்கு 2 கிலோ வேண்டும். சுழன்று சுழன்று பாய்ச்சும் ரோட்டார் வகைக்கு 3 கிலோவாவது வேண்டும்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் ரோட்டார் நாலு வாங்கி மேல்தொட்டிக் குழாயில் மாட்டினார்கள். கடைக்காரர் கேட்டது புல்தரையின் நீளத்தை மட்டும்தானாம்! தண்ணீரைத் திறந்தால் ஒன்றுகூடத் தலை நிமிரவில்லை. குழந்தைக்கு மூக்கு ஒழுகுகிற மாதிரி ஒழுகிக்கொண்டிருந்தது. சாமான் ஒன்றும் மட்டமில்லை. அந்த வீட்டுக் குழாய்க்கும் அதற்கும் ஜோடிப் பொருத்தம் இல்லை, அவ்வளவுதான்.

கடையில் என்னென்ன காட்டுவார்கள் தெரியுமா? வயல்களில் 'டிக் டிக் டிக்' என்று தட்டித் தட்டிச் சுற்றுமே, அது ஒரு வகை. 1930களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பழத்தோட்டம் வைத்திருந்த ஒருவர் உருவாக்கியது. தோட்டத்துக்கும் காட்டுக்கும் அருமையானது. நம் வாசலில் வைத்தால் பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் வேட்டியை நனைக்கும். ரோட்டார் 25 அடிக்கு மேல் பாயும். பெரிய பங்களா, பள்ளி மைதானம் இவற்றுக்குச் சரி. நம்மைப் போன்றவர்களுக்கு 'பாப்-அப்' என்கிற ஸ்பிரே வகைதான். தண்ணீர் விட்டதும் மண்ணுக்குள்ளிருந்து 4 அங்குலம் எழுந்து குடை விரிக்கிற மாதிரி தெளிக்கும். நிறுத்தியதும் உள்ளே போய்விடும். 15 அடி வரை பாயும். குழந்தைகள் ஓடுகிற இடத்தில் நிமிர்ந்தே நிற்கும் பைப்பு வேண்டவே வேண்டாம். விழுந்தால் முகத்தில்தான் அடிபடும். உள்ளே இறங்கிக்கொள்ளும் வகையைத்தான் வாங்க வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் பேரன்தான்.

எத்தனை வாங்குவது? இதில்தான் பிளம்பரோடு எனக்கு வாக்குவாதம். "நாலு மூலைக்கு நாலு போதுங்கம்மா, ஆறு எதுக்குங்?" என்றார். மூலையில் இருப்பது 15 அடி பாயும். 30 அடி நீளத்துக்கு இரண்டு பக்கமிருந்தும் பாய்ந்தால் நடுவில் தொட்டுக்கொள்ளும், அவ்வளவுதான். ஆனால் எந்த ஸ்பிரிங்ளரும் கிட்டத்தில் போடுகிற அளவு எட்டத்தில் போடாது. தூரம் போகப் போகத் தண்ணீர் குறையும். ஆகவே ஒன்றின் தண்ணீர் அடுத்ததன் காலடி வரை போய் விழ வேண்டும். நாலு மட்டும் வைத்தால் நடுவில் காய்ந்த பட்டை ஒன்று தெரியும், அதை நனைக்க இன்னும் பத்து நிமிஷம் கூட விடுவோம், ஓரமெல்லாம் சேறாகும். இரண்டு ஸ்பிரிங்ளர் மிச்சம் பிடித்து ஆயுள் முழுக்கத் தண்ணீரைக் கொட்டுவது என்ன சிக்கனம்? ஆறுதான் வைத்தோம். மூலைகளில் கால் வட்டம், நீளப் பக்கங்களின் நடுவில் அரை வட்டம்.

கால் வட்டத்துக்குரிய நாசில் நிமிஷத்துக்கு 3.5 லிட்டர் விடும். அரை வட்டம் சுற்றுவது இரண்டு பங்கு இடம் நனைப்பதால் 7 லிட்டர். ஒரே கம்பெனியின் ஒரே வரிசையில் எடுத்தால் இந்தக் கணக்கு ஒத்துப்போகும். ஆறுக்கும் சேர்த்து 28 லிட்டர். சம்ப் பக்கத்தில் ஏற்கெனவே அரை ஹெச்.பி. மோட்டார் ஒன்று சும்மா கிடந்தது. வாங்கும்போது கொடுத்த அட்டையில், எத்தனை மீட்டருக்கு எத்தனை லிட்டர் ஏற்றும் என்று போட்டிருந்தது. 25 மீட்டருக்கு 28 லிட்டருக்கு மேல் வந்தால் போதும். பைப்பில், வளைவுகளில் போகிற அழுத்தத்துக்கும் இடம் விட்டாயிற்று. உங்கள் மோட்டார் அவ்வளவு தராது என்றால் புது மோட்டாருக்கு ஓட வேண்டாம். மூன்று மூன்றாக இரண்டு லைன் பிரித்து, ஆளுக்கொரு வால்வு வைத்து, ஒன்று முடிந்ததும் அடுத்ததைத் திறந்தால் ஆயிற்று. மேல்தொட்டி மட்டுமே உள்ள வீட்டில், பூந்தொட்டிகளுக்கும் செடிகளுக்கும் சொட்டு நீர். புல்லுக்குப் பூவாளி முகம் மாட்டிய ஹோஸ் பைப். அதில் ஒரு குறைவுமில்லை.

ஒரே லைனில் ஸ்பிரேயையும் ரோட்டாரையும் கலக்காதீர்கள். ஸ்பிரே ஒரு மணி நேரத்தில் 40 மில்லிமீட்டர் தண்ணீர் போடும்; ரோட்டார் 10, 15தான் போடும். இரண்டும் ஒரே வால்வில் இருந்தால் ஒரு பக்கம் குளம், ஒரு பக்கம் பாலை! இப்போது பாப்-அப் உடம்பிலேயே மாட்டுகிற, மெல்லிய பல தாரைகளாகச் சுழலும் நாசிலும் கிடைக்கிறது. மெதுவாக ஊற்றும், களிமண்ணுக்கு நல்லது. போட்டால் லைன் முழுக்க அதையே போட வேண்டும்.

எல்லாம் மாட்டியதும் பிளம்பருக்குப் பணம் கொடுப்பதற்கு முன் ஒரு பரீட்சை வையுங்கள். அடியும் வாயும் ஒரே அகலமாக உள்ள டம்ளர்கள் பன்னிரண்டு எடுத்துப் புல்லில் பரவலாக வைத்து, பத்து நிமிஷம் தண்ணீர் விடுங்கள். பிறகு பள்ளிக்கூட ஸ்கேலை ஒவ்வொன்றிலும் விட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் பெரும்பாலும் 6, 7 மில்லிமீட்டர் இருந்தது. ஒரு மூலை டம்ளரில் மட்டும் 2. பார்த்தால், குரோட்டன்ஸ் தொட்டி ஒன்று குறுக்கே நின்று தண்ணீரைத் தானே குடித்துக்கொண்டிருந்தது! தொட்டியை நகர்த்தியதும் சரியாயிற்று. பேரனுக்கு அந்தப் பன்னிரண்டு டம்ளர் விளையாட்டு பிடித்துப்போய், வாரா வாரம் கேட்டான் என்பது வேறு கதை.

எங்களுடையது கரிசல் கலந்த மண். சட்டென்று உறிஞ்சாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் 15 நிமிஷம் என்றால், ஏழு நிமிஷம் விட்டு நிறுத்தி, அரை மணி கழித்து மீதி எட்டு நிமிஷம். தண்ணீர் ஓடித் தெருவுக்குப் போகாது. விடிகாலைதான் நேரம், வெயிலும் காற்றும் இருக்காது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் ஊரை ஆட்டி வைக்கும்போது, பொழுது ஏறிவிட்டால் பாதித் தண்ணீர் புகையாய்ப் பறந்துவிடும். அழுத்தம் அளவுக்கு மேல் போனாலும் இதே புகைதான். வால்வைக் கொஞ்சம் மூடிப் பாருங்கள்.

இளம் தாய்மார்களுக்கு இரண்டு விஷயம். துணி துவைத்த தண்ணீர், சமையலறைத் தண்ணீர் வீணாகிறதே என்று அதை ஸ்பிரிங்ளரில் விடக் கூடாது. திவலையாகப் பறந்து குழந்தை மூச்சிலும் வாயிலும் போகும். தவழ்கிற குழந்தையின் கையெல்லாம் அதுதான். அந்தத் தண்ணீரை வாழைக்கும் கல்வாழைக்கும் மண்ணோடு விடுங்கள். இன்னொன்று, வால்வு வைத்திருக்கும் குழிப்பெட்டி. அதில் தேங்கும் ஒரு கை தண்ணீர் டெங்கு கொசுவுக்குப் போதும். முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள்தான். அடியில் ஜல்லி போட்டு வடிய விடுங்கள், வாரம் ஒரு முறை திறந்து பாருங்கள்.

போர்த் தண்ணீரில் உப்பு அதிகம் என்றால் நாசில் ஓட்டையில் வெள்ளையாகப் படியும். தண்ணீர் ஒரு பக்கமாகக் கோணும். மாதம் ஒரு முறை கழற்றி வினிகரில் ஊறப்போட்டுப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். ஊசியால் குத்த வேண்டாம், துளை பெரிதாகிக் கணக்கே மாறும். நாசிலுக்கு அடியில் சின்ன வலை ஒன்று இருக்கும், அதையும் அலசுங்கள். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் வால்வை மூடி, மோட்டார் சுவிட்சையும் அணைத்துவிடலாம். மார்கழி கழித்துத் திறக்கும்போது முதலில் நாசில்களைக் கழற்றிவிட்டு இரண்டு நிமிஷம் வெறும் பைப்பில் தண்ணீர் விடுங்கள். உள்ளே தங்கிய மண்ணெல்லாம் வெளியே வந்துவிடும்.