“பிங்” சொல்லும் சேதி! இன்டர்நெட் எங்கே நின்றது?

கல்லூரிக்கு விண்ணப்பம் போட இன்று கடைசி நாள். கம்ப்யூட்டரைத் திறந்தால் இன்டர்நெட் வரவில்லை!

தர்மபுரியோ, அரூரோ, பென்னாகரமோ, எந்த ஊர் வீடானாலும் பதற்றம்தான். “பெட்டி கெட்டுவிட்டது” என்கிறார் அப்பா. “கம்பெனிக்காரர்கள் மோசம்” என்கிறான் அண்ணன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுகிறார்கள். கூலி கொடுத்த பிறகுதான் தெரிகிறது, ஒயர் கழன்று கிடந்தது என்று!

ஓட வேண்டாம். பழுது எங்கே என்பதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம்.

குழாயும் ஒயரும்

தர்மபுரி மாவட்டத்துக்கு ஒகேனக்கல்லில் இருந்து குடிநீர் வருகிறது. வீட்டுக் குழாயில் தண்ணீர் வராவிட்டால் யாராவது நேரே ஒகேனக்கல்லுக்குப் போவார்களா? முதலில் குழாயைப் பார்ப்பார்கள். பிறகு தெருக் குழாய். பிறகு மேல்நிலைத் தொட்டி.

இன்டர்நெட்டும் அப்படித்தான். பக்கத்தில் இருந்து தொடங்க வேண்டும். ஒவ்வொரு படியாகத் தூரத்துக்குப் போக வேண்டும்.

லினக்ஸ் கம்ப்யூட்டர்

1969-ல் அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் “யூனிக்ஸ்” பிறந்தது. 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் அதே பாணியில் “லினக்ஸ்” எழுதத் தொடங்கினார். இது இலவசம்.

2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. அவற்றில் விண்டோசுடன் “பாஸ்” என்ற லினக்ஸும் இருந்தது. இதை உருவாக்கியது மத்திய அரசின் “சி-டாக்” நிறுவனம்.

லினக்ஸில் “டெர்மினல்” என்ற கறுப்புத் திரை உண்டு. அதில் ஆங்கில எழுத்தில் கேள்வி கேட்டால் கம்ப்யூட்டர் பதில் சொல்லும்.

விளக்கைப் பாருங்கள்

முதலில் கண்ணுக்கு வேலை. இன்டர்நெட் பெட்டியில் விளக்கு எரிகிறதா? கண்ணாடி இழை இணைப்பு என்றால், “லாஸ்” என்ற சிவப்பு விளக்கு மின்னுகிறதா? மின்னினால் ஒளி வீடு வந்து சேரவில்லை. இழை எங்கோ அறுந்திருக்கலாம், மடங்கியும் இருக்கலாம். கம்ப்யூட்டரைத் தொட்டுப் பயனில்லை. கம்பெனிக்குப் போன் செய்யுங்கள்.

சிவப்பு விளக்கு இல்லையா? ஒயரைக் கழற்றி மறுபடி செருகுங்கள். “டிக்” என்று சத்தம் கேட்க வேண்டும்.

அடுத்து டெர்மினலில் “ஐபி லிங்க்” என்று அடியுங்கள். “நோ கேரியர்” என்று வந்தால் ஒயர் சரியில்லை. வேறு ஒயர் போட்டுப் பாருங்கள்.

பிறகு “ஐபி அட்ரஸ்”. கம்ப்யூட்டருக்கு முகவரி கிடைத்திருக்கிறதா? முகவரி இல்லாவிட்டாலோ, 169.254 என்று தொடங்கினாலோ, பெட்டி முகவரி கொடுக்கவில்லை என்று பொருள். பெட்டியை அணைத்து, சிறிது நேரம் கழித்துப் போடுங்கள்.

“பிங்” பிறந்த கதை

இனி வருவதுதான் வேடிக்கை! “பிங்” என்று அடித்து, ஒரு முகவரியையும் அடித்தால், கம்ப்யூட்டர் அந்த முகவரியைக் கூப்பிடும். “இருக்கிறேன்” என்று பதில் வரும்.

இதை எழுதியவர் அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடத்தில் இருந்த மைக் மூஸ். 1983 டிசம்பரில் அங்கே இணைப்பு தகராறு செய்தது. மூஸ் இரவோடு இரவாக உட்கார்ந்து எழுதினார். பொழுது விடிவதற்குள் “பிங்” தயார்! ஆனால் அவர் முதல் முறை கூப்பிடுவதற்குள், உடன் வேலை செய்தவர் பழுதான கருவியைக் கண்டுபிடித்துச் சரி செய்துவிட்டார்!

கடலுக்குள் ஒலி அனுப்பி, எதிரொலியை வைத்து நீர்மூழ்கிக் கப்பலைக் கண்டுபிடிப்பார்கள். அந்த ஒலிதான் “பிங்”. அதையே மூஸ் பெயராக வைத்தார்.

அவர் சொன்ன கதை ஒன்று. ஒருவர் அலுவலகத்தில் இணைப்பு விட்டு விட்டு வந்தது. ஒவ்வொரு பதிலுக்கும் கம்ப்யூட்டர் “பிங், பிங்” என்று கத்தும்படி செய்தார். ஒலிபெருக்கியையும் உரக்க வைத்தார். கட்டடம் முழுவதும் நடந்து ஒவ்வொரு ஒயரையும் ஆட்டினார். ஓரிடத்தில் சத்தம் நின்றது. கள்ளன் அகப்பட்டான்!

மூன்று கூப்பாடு

வீட்டிலும் மூன்று முறை கூப்பிடுங்கள்.

முதலில் உங்கள் வீட்டுப் பெட்டியை. “ஐபி ரூட்” என்று அடித்தால் அதன் முகவரி தெரியும். பதில் இல்லையா? பழுது வீட்டுக்குள் இருக்கிறது.

இரண்டாவது, 8.8.8.8. இது கூகுள் நிறுவனத்தின் முகவரி. பெட்டி பதில் சொல்லி, இது சொல்லாவிட்டால், பழுது பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே. கம்பெனியைக் கூப்பிடுங்கள்.

மூன்றாவது, ஓர் இணையதளத்தின் பெயர். எண்ணுக்குப் பதில் வந்து, பெயருக்கு வராவிட்டால், இணைப்பு நன்றாக இருக்கிறது. பெயரை எண்ணாக மாற்றும் “டி.என்.எஸ்” என்ற ஏடுதான் கிடைக்கவில்லை. அமைப்பில் டி.என்.எஸ் என்ற இடத்தில் 8.8.8.8 என்று போட்டுப் பாருங்கள்.

ஒன்று நினைவிருக்கட்டும். சில கருவிகள் “பிங்” கேட்டாலும் வாய் திறக்காது. ஆகவே ஒன்றை மட்டும் கேட்டு முடிவு கட்டாதீர்கள்.

கம்பெனிக்குப் போன் செய்யும்போது “நெட் வரவில்லை” என்று மட்டும் சொல்லாதீர்கள். “பெட்டி பதில் சொல்கிறது, 8.8.8.8 சொல்லவில்லை” என்று சொல்லுங்கள். எங்கே தேடுவது என்று அவர்களுக்குத் தெரியும். காசும் மிச்சம், நேரமும் மிச்சம். விண்ணப்பமும் வேளைக்குப் போய்ச் சேரும்!