அடுத்தவர் பில்லைப் பார்த்து சோலார் பூட்டலாமா?

2019ஆம் ஆண்டு எங்கள் வீட்டுக் கூரையில் 5 கிலோவாட் சோலார் தொகுதியொன்றைப் பூட்டினேன். அன்றிலிருந்து வீட்டுக்கு வரும் உறவினர்களுக்கெல்லாம் என் கரண்ட் பில்லை எடுத்துக் காட்டுவது ஒரு வழக்கமாகிவிட்டது. பணம் கட்ட வேண்டிய பில் பணம் தருகின்ற பில்லாக மாறினால் யாருக்குத்தான் காட்ட ஆசை வராது? ஆனால் அந்தப் பில் ஒருநாள் என் தங்கச்சியின் குடும்பத்தை நட்டத்தில் தள்ளப் பார்க்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. அந்தக் கணக்கைத்தான் இந்த வாரம் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

முதலில் என் கணக்கு. அன்று எனக்குச் செலவு எட்டரை லட்சம் ரூபா. எமது நாட்டு வெயிலில் ஒரு கிலோவாட் தொகுதி மாதமொன்றுக்குச் சுமார் 110 முதல் 120 யூனிட் வரை தரும். என் 5 கிலோவாட் சராசரியாக 570 யூனிட் தந்தது. வீட்டுப் பாவனை 180 யூனிட். மீதி 390 யூனிட்டை மின்சார சபை 22 ரூபா வீதம் வாங்கியது. அது 8,580 ரூபா. நான் கட்டாமல் தப்பிய பாவனைக் கட்டணம் சுமார் 3,500 ரூபா. மொத்தம் மாதம் 12,000 ரூபா. எட்டரை லட்சத்தை இதனால் வகுத்தால் ஏறக்குறைய ஆறு வருடத்தில் முதல் திரும்பிவிடும்.

இந்த 22 ரூபா 2016ஆம் ஆண்டு ஆரம்பிக்கப்பட்ட ‘சூரிய பல சங்கிராமய’ திட்டத்தின் விலையாகும். உடன்படிக்கை 20 வருடத்துக்கு. முதல் ஏழு வருடத்துக்கு 22 ரூபா, எட்டாம் வருடத்திலிருந்து 15 ரூபா 50 சதம். 2019இல் பூட்டிய எனக்கு 2026உடன் ஏழு வருடம் பூர்த்தி. அதன்பின் அதே வெயில், அதே பேனல், வருமானம் மட்டும் குறைவு. இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. பில்லை மட்டும்தான் காட்டினேன்.

2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தங்கச்சியின் கணவர் கட்டாரிலிருந்து வேலை முடிந்து ஊர் திரும்பினார். கையில் ஆறு லட்சம் ரூபா சேமிப்பு. ஒருநாள் இரவு ஒரு கொட்டேஷனோடு வந்தார். “மச்சான், உங்களுக்கு ஐந்து கிலோவாட்டுக்கு இவ்வளவு வருதென்றால், எனக்கு பத்து பூட்டினால் இரட்டிப்பாக வருமே? தவணையை பேனலே கட்டுமாம்” என்றார்.

கொட்டேஷனைப் பார்த்தேன். 10 கிலோவாட்டுக்குப் பதினாறு லட்சம். ஆறு லட்சம் கையிலிருந்து, மீதி பத்து லட்சம் முறாபஹா முறையில் நான்கு வருடத் தவணை. தவணை மாதம் 27,000 ரூபா. வருமானம் மாதம் ஏறக்குறைய 39,700 ரூபா என்றும், தவணை போக 12,700 ரூபா கைக்கு மிஞ்சும் என்றும் எழுதியிருந்தது.

அந்த 39,700 எப்படி வந்தது என்று தேடினேன். யூனிட் ஒன்று 37 ரூபா என்று கணக்குப் போட்டிருந்தார்கள். 37 ரூபா என்பது 2022ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட விலை. 2024இல் புதிதாக இணைவோருக்கு அது 27 ரூபாவாகக் குறைந்தது. 2025ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் மீண்டும் குறைந்து, 5 கிலோவாட் வரை 20 ரூபா 90 சதம், 5இலிருந்து 20 கிலோவாட் வரை 19 ரூபா 61 சதம் என்றாகியது. தொகுதி பெரிதாகப் பெரிதாக யூனிட் விலை இறங்கும்.

சரியான விலையைப் போட்டுப் பார்த்தோம். 10 கிலோவாட் மாதம் 1,140 யூனிட் தரும். தங்கச்சி வீட்டுப் பாவனை 120 யூனிட்தான். மீதி 1,020 யூனிட், 19 ரூபா 61 சதப்படி சுமார் 20,000 ரூபா. மிஞ்சும் பில் சுமார் 2,000 ரூபா. ஆக வருமானம் 22,000, தவணை 27,000. மாதாமாதம் 5,000 ரூபா சட்டைப் பையிலிருந்து போக வேண்டும். சம்பளம் நின்றுபோன வீட்டில் அந்த ஐயாயிரம் எங்கிருந்து வரும்? மச்சான் கொஞ்ச நேரம் பேசவில்லை. “அப்போ அவர் சொன்னது பொய்யா?” என்று மட்டும் கேட்டார். பொய் என்று நான் சொல்லவில்லை. பழைய விலை என்று சொன்னேன்.

இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். முறாபஹாவில் வங்கி பொருளை வாங்கி, இலாபம் சேர்த்து, எமக்கு நிச்சயிக்கப்பட்ட விலைக்கு விற்கின்றது. எனவே முதல் எப்போது திரும்பும் என்று பார்க்கும்போது கடைக்காரரின் ரொக்க விலையை அல்ல, வங்கியிடம் நாம் கட்டி முடிக்கும் மொத்தத் தொகையையே எடுக்க வேண்டும். மச்சானின் விடயத்தில் அது பத்து லட்சமல்ல. 12 லட்சத்து 96 ஆயிரம்.

அடுத்தது கரண்ட் வெட்டு. “இனி கரண்ட் போனாலும் பயமில்லை” என்று தங்கச்சி சொன்னபோது எனக்கு 2022 நினைவுக்கு வந்தது. அவ்வருடம் மார்ச் மாத இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. உச்சி வெயில், கூரை நிறைய பேனல், கீழே என் உம்மா விசிறியால் விசிறிக்கொண்டிருந்தார். காரணம் இதுதான்: சாதாரண சோலார் தொகுதியின் இன்வேட்டர், வீதிக் கம்பியில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். கம்பியில் ஏறித் திருத்துகின்ற ஊழியரின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது. மின்வெட்டிலும் வெளிச்சம் வேண்டுமென்றால் பெற்றரியும் அதற்குரிய ஹைபிரிட் இன்வேட்டரும் வேண்டும். அதன் செலவு வேறு.

பகலில் மின்சாரம் தேவைக்கு மேல் குவிவதும் இப்போது ஒரு பிரச்சினை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை நாடே இருண்டது. அதன் பின்னர், அவ்வருட சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், தொழிற்சாலைகள் மூடப்பட்டுப் பாவனை குறையும் என்பதால், கூரை சோலார்களைப் பிற்பகல் 3 மணி வரை நிறுத்தி வைக்குமாறு மின்சார சபை கேட்டுக்கொண்டது. நிறுத்திய நாளில் வருமானம் இல்லை. கணக்குப் போடும்போது பன்னிரண்டு மாதமும் முழு வருமானம் என்று எழுதக்கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம். எமது கிழக்கு மாகாணத்தில் மார்கழி, தை மாத மழையில் என் உற்பத்தி நன்றாகவே இறங்கிவிடும்.

கூரையையும் பார்க்க வேண்டும். எமது நாட்டில் பேனல் தெற்கு நோக்கிச் சாய்ந்திருப்பது நல்லது. பேனல்கள் மாலை போல ஒன்றோடொன்று தொடுக்கப்படுவதால், ஒன்றின் மேல் தென்னை ஓலை நிழல் விழுந்தாலும் மற்றவற்றின் உற்பத்தியும் பாதிக்கப்படலாம். தங்கச்சி வீட்டின் மேற்குப் பக்கம் அயலவர் மேல்மாடி கட்டியிருக்கின்றார். பத்து கிலோவாட் பூட்டியிருந்தால் அரைவாசிப் பேனல்கள் பிற்பகலில் அந்த நிழலுக்குள் போயிருக்கும். கடலோர ஊர்களில் சட்டங்களும் ஆணிகளும் துருப்பிடிக்காத வகையாக இருப்பதும் அவசியம்.

முடிவில் மச்சான் 5 கிலோவாட் பூட்டினார். விலை ஒன்பது லட்சம். ஆறு லட்சம் கையிலிருந்து. மூன்று லட்சத்துக்கு மூன்று வருடத் தவணை, மாதம் 10,000 ரூபா. 570 யூனிட்டில் வீட்டுக்கு 120 போக, 450 யூனிட் 20 ரூபா 90 சதப்படி சுமார் 9,400. மிஞ்சும் பில்லோடு 11,400 ரூபா. பேனலே தவணையைக் கட்டுகின்றது. முதல் திரும்ப ஆறரை வருடம், தவணையின் இலாபத்தையும் சேர்த்தால் ஏழு வருடம். பெரிய இலாபமல்ல, ஆனால் இரவில் தூக்கம் வருகின்ற கணக்கு.

சோலார் பூட்ட எண்ணும் வாசகர்கள், முற்பணம் கொடுப்பதற்கு முன் இவற்றைச் செய்யுங்கள்:

கடந்த பன்னிரண்டு மாத பில்லை எடுத்து உங்கள் சராசரிப் பாவனையைக் காணுங்கள்.

இன்று புதிதாக இணைவோருக்கு யூனிட் விலை என்ன, எத்தனை வருடத்துக்கு என்று உங்கள் பிரதேச மின் அலுவலகத்திலேயே கேளுங்கள். உங்கள் வீதி ட்ரான்ஸ்போமரில் இடமிருக்கின்றதா என்பதையும் அங்கேயே கேளுங்கள்.

எந்த முறையில் இணைகின்றீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். நெட் மீற்றரிங்கில் மிஞ்சும் யூனிட் கணக்கில் வரவாகும், பணம் கிடைக்காது. நெட் அக்கவுண்டிங்கில் மிஞ்சியதற்குப் பணம் கிடைக்கும். நெட் ப்ளஸ்ஸில் உற்பத்தி முழுவதும் விற்கப்படும், வீட்டு பில் வேறாக வரும்.

பேனலுக்கு 25 வருட உத்தரவாதம் என்பார்கள். இன்வேட்டருக்கு எத்தனை வருடம் என்று தனியாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். முதலில் மாற்ற வேண்டி வருவது அதுதான்.

நான் இப்போதும் என் பில்லைக் காட்டுகின்றேன். ஆனால் உடன்படிக்கையையும் பக்கத்தில் வைத்து, “இது 2019இன் விலை” என்று சொல்லித்தான் காட்டுகின்றேன்.