துருவேறிய டிராக்டர் உறுப்புக்களைச் சுத்தம் செய்து வர்ணம் பூசும் முறை

இரும்புக் கருவிகளை வைத்திருக்கும் விவசாயிக்குத் துருவைப்போல ஒரு சத்துரு வேறில்லை. களையும் பூச்சியும் பயிர்க் காலத்தில் மட்டுமே வந்து போவன. துருவோ, வேலை நடக்கும்போதும் வேலை ஓய்ந்து கருவி கொட்டகையில் கிடக்கும்போதும் ஓயாமல் தின்றுகொண்டிருப்பது. சேற்றுழவு முடிந்ததும் கழற்றிப் போட்ட கேஜ் சக்கரங்கள், ரோட்டவேட்டர், கலப்பைச் சட்டம், டிரெய்லரின் அடிச்சட்டம், கொக்கி முதலியவை அடுத்த போகத்தில் எடுக்கும்போது செம்மண் நிறமாய் உதிர்வதைக் காணாத கிராமம் இல்லை. இவற்றுட் பலவற்றைப் பட்டறைக்கு அனுப்பாமல், வீட்டுக் கொட்டகையிலேயே குறைந்த செலவில் பழைய நிலைக்குக் கொண்டுவரலாம். எனினும் எதைச் சுத்தம் செய்து மீண்டும் பயன்படுத்தலாம், எதைக் கழித்துவிட வேண்டும் என்ற பகுத்தறிவே இவ்வேலையில் முதன்மையானது. ஏனெனில் சில உறுப்புக்களில் வர்ணத்தின் கீழ் மறையும் குறை உயிருக்கே ஆபத்தாய் முடியும்.

துரு உண்டாகும் காரணம்

இரும்பின்மேல் ஈரமும் காற்றிலுள்ள பிராணவாயுவும் ஒருங்கே படும்போது துரு உண்டாகிறது. இரண்டில் ஒன்றைத் தடுத்தால் துரு இல்லை. நீர் சொட்டச் சொட்ட நனைய வேண்டுமென்பதில்லை; காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 60 பங்கிற்கு மேற்பட்டாலே கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் இரும்பின்மேல் படிந்து வேலையைத் தொடங்கிவிடும். உப்புக் கலந்த ஈரமாயின் துரு பன்மடங்கு விரைவில் ஏறும். ஆகவேதான் கடலோரக் கிராமங்களிலும், உர மூட்டைகள் ஏற்றிய டிரெய்லர்களிலும் சேதம் அதிகம். பொட்டாஷ், அம்மோனியம் சல்பேட்டு போன்ற உரங்கள் சிந்திய இடத்தில் காற்றிலுள்ள ஈரத்தைத் தாமே இழுத்துக்கொண்டு இரும்பை அரிக்கின்றன.

செம்பின் களிம்பு ஓரளவு அடியிலுள்ள உலோகத்தைக் காக்கும். இரும்பின் துரு அவ்வாறு காப்பதில்லை. அது கரைந்த இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு பருமனாய்ப் பொருமி, செதில் செதிலாய்ப் பெயர்ந்து, உள்ளிருக்கும் புது இரும்பை மேலும் ஈரத்திற்குக் காட்டிக்கொடுக்கிறது. துருவின்மேலேயே வர்ணம் பூசுவதால் பயனில்லை என்பதற்கு இதுவே காரணம். அடியில் துரு பொரும, மேலிருக்கும் வர்ணம் கொப்புளித்து விழுந்துவிடும்.

முதலில் செய்ய வேண்டியவை

உறுப்புக்களைக் கழற்றுமுன் அவை பொருந்தியிருக்கும் விதத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்க. ஒவ்வோர் உறுப்பின் போல்ட்டு நட்டுக்களையும் தனித்தனி டப்பாவில் இடுக. இறுகிப்போன நட்டுக்களுக்கு மண்ணெண்ணெயும் எஞ்சின் எண்ணெயும் கலந்து விட்டு ஓர் இரவு ஊறவிட்டால் பெரும்பாலும் இளகும்.

அடுத்தபடியாகச் சேற்றையும் கிரீசையும் போக்க வேண்டும். எண்ணெய்ப் பசை இருக்கும் இடத்தில் எந்தத் திராவகமும் துருவைத் தொடாது. மண்ணெண்ணெயில் தோய்த்த பிரஷ்ஷால் தேய்த்து, பிறகு சலவைச் சோடா கரைத்த வெந்நீரில் கழுவுக. பெட்ரோலை இவ்வேலைக்கு ஒருகாலும் உபயோகிக்கலாகாது; அதன் ஆவி சிறு பொறியிலும் பற்றிக்கொள்ளும். பழைய வர்ணங்களில் ஈயம் கலந்திருக்கக் கூடுமாதலால், அவற்றை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பாமல், நீர் தெளித்து ஈரமாகவே தேய்க்க வேண்டும். குழந்தைகளை அவ்விடத்தில் விடலாகாது.

துருவை நீக்கும் நான்கு வழிகள்

(1) தேய்த்தல்: செதிலாய் எழும்பிய துருவை உளியாலும் சுரண்டியாலும் பெயர்த்து, கம்பிப் பிரஷ்ஷாலும் எமரித் தாளாலும் தேய்ப்பது எல்லாவற்றிற்கும் முதற்படி. கேஜ் சக்கரம், கலப்பைச் சட்டம் போன்ற பெரிய உறுப்புக்களுக்கு இதுவே ஏற்றது. மின்சாரக் கிரைண்டரில் கம்பிச் சக்கரம் மாட்டித் தேய்ப்போர் கண்ணாடியும் முகமூடியும் அணிதல் அவசியம். அறுந்த கம்பி ஊசிபோலப் பாய்ந்து கண்ணைக் கெடுக்கும்.

(2) எலுமிச்சை உப்பு: சிட்ரிக் திராவகம் எனப்படும் எலுமிச்சை உப்பை, லிட்டர் நீருக்கு 50 கிராம் வீதம் பிளாஸ்டிக் தொட்டியில் கரைத்து, சிறு உறுப்புக்களை அதில் மூழ்க வைக்கலாம். சில மணி நேரத்தில் துரு இளகும். அவ்வப்போது எடுத்துப் பிரஷ்ஷால் தேய்த்துப் பார்க்க வேண்டும். துரு போனபின்னும் ஊறவிட்டால் நல்ல இரும்பையும் அது அரிக்கத் தொடங்கும். எடுத்தவுடன் சோடா நீரில் அலம்பிப் புளிப்பை முறிக்க வேண்டும். கழிவறைக்கு விற்கும் உப்புத் திராவகத்தை உபயோகிப்போர் பலர். அது வேகமாய் வேலை செய்யினும், அதன் புகை கொட்டகையிலுள்ள மற்ற இரும்பையும் துருவேற்றுவதால் அதை விலக்குவது நலம். அத்திராவகம் பிளீச்சிங் பவுடருடன் சேர்ந்தால் குளோரின் என்னும் விஷவாயு எழும். ஊராட்சிக் கிடங்குகளில் இவ்விரண்டையும் அருகருகே வைத்தல் கூடாது.

(3) கழிவுப்பாகு: மாட்டுத் தீவனத்திற்கு விற்கப்படும் மொலாஸஸ் ஒரு பங்குக்கு நீர் ஒன்பது பங்கு சேர்த்து, அதில் உறுப்புக்களை ஒரு வாரம் முதல் மூன்று வாரம் வரை ஊறவைத்தால் துரு கரைந்துவிடும். அவசரமில்லாதவர்க்கு இது மலிவானது. இரும்பை அதிகம் அரிப்பதுமில்லை. ஆனால் நாற்றமெடுக்கும். இனிப்பு வாசனைக்கு மாடுகள் வந்து குடித்துவிடுமாதலால் தொட்டியை இறுக மூடி வைக்க வேண்டும்.

(4) மின்சார முறை: 10 லிட்டர் நீரில் சுமார் 75 கிராம் சலவைச் சோடாவைப் பிளாஸ்டிக் தொட்டியில் கரைத்து, துருவேறிய உறுப்பை 12 வோல்ட் பாட்டரி சார்ஜரின் எதிர்முனையிலும், ஒரு பழைய இரும்புத் தகட்டை நேர்முனையிலும் இணைத்து, இரண்டும் ஒன்றையொன்று தொடாதபடி நீரில் தொங்கவிட வேண்டும். சில மணி நேரத்தில் துரு கறுத்து இளகும். நல்ல இரும்பு குறைவதில்லை. தகட்டை நோக்கிய பக்கமே நன்கு சுத்தமாகுமாதலால் உறுப்பைத் திருப்பித் திருப்பி வைக்க வேண்டும். இம்முறையில் மறவாதிருக்க வேண்டிய விதிகள் மூன்று. நேர்முனையில் எவர்சில்வர்த் தகட்டை வைக்கலாகாது. குரோமியத்தின் கொடிய நஞ்சு நீரில் கரையும். சோடாவிற்குப் பதிலாகச் சோற்றுப்பைப் போடலாகாது. குளோரின் வாயு எழும்பும். வெளிப்படும் ஹைட்ரஜன் வாயு தீப்பற்றக் கூடியதாதலால் காற்றோட்டமான வெளியிடத்தில் செய்து, சார்ஜரை நிறுத்திய பின்னரே கம்பிகளைத் தொட வேண்டும்.

அலுமினியம், துத்தநாகம் பூசிய சாமான்கள், பேரிங்குகள் ஆகியவற்றை மேற்சொன்ன தொட்டிகள் எதிலும் இடலாகாது. சுருள் வில், உயர் வலிமைப் போல்ட்டு முதலிய கடினப்படுத்திய எஃகுச் சாமான்களைத் திராவகத்திலும் மின்சாரத் தொட்டியிலும் இட்டால், ஹைட்ரஜன் உள்ளே புகுந்து பின்னர் அவை திடீரென ஒடிய நேரிடும்.

எஞ்சிய துருவை மாற்றுதல்

குழிகளின் ஆழத்தில் தங்கிய துருவை முற்றும் போக்குதல் அரிது. அதன்மேல் பாஸ்பாரிக் திராவகம் கலந்த துரு மாற்றியைப் பூசினால் அது இரும்புப் பாஸ்பேட்டாய் மாறிப் படலமாகும். டில்லியிலுள்ள இரும்புத் தூண் சுமார் 1,600 ஆண்டுகளாக அதிகம் துருவேறாமல் நிற்பதற்கு, அவ்விரும்பில் பாஸ்பரஸ் மிகுந்திருப்பதால் மேற்புறத்தில் உண்டான இத்தகைய படலமே முக்கிய காரணமென்று கான்பூர் ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் ஆராய்ந்து காட்டினார். தோல் பதனிடுவதற்கு உதவும் கடுக்காயிலுள்ள துவர்ப்புச் சத்தும் துருவோடு கூடி நீலக் கறுப்பான படலமாக மாறும். முற்காலத்தில் கடுக்காயும் இரும்பும் சேர்த்து மை காய்ச்சியது இக்குணத்தால்தான். கடைகளில் விற்கும் துரு மாற்றிகள் சிலவற்றில் இருப்பதும் இத்துவர்ப்புச் சத்தே. இப்படலங்கள் வர்ணத்திற்கு அடித்தளமாகுமேயன்றித் தாமே முழுப் பாதுகாப்பு ஆகா.

வர்ணம் பூசுதல்

சுத்தமான இரும்பு ஈரக்காற்றில் சில மணி நேரத்திலேயே மறுபடியும் செந்நிறம் கொள்ளும். ஆதலின் கழுவியவுடன் வெயிலில் நன்கு காயவைத்து, அன்றைய தினமே முதற்பூச்சு இட வேண்டும். பனி விலகிய முற்பகலில் தொடங்கிப் பிற்பகலுக்குள் முடிப்பது உத்தமம். மழை நாளிலும் மாலையிலும் பூசுவது வீண். துத்தநாகப் பாஸ்பேட்டு அல்லது ரெட் ஆக்சைடு பிரைமரை மெல்லியதாக இருமுறை பூசுக. ஓரங்களிலும் வெல்டு வைத்த இணைப்புக்களிலும் வர்ணம் மெலிந்து நிற்குமாதலால், அவ்விடங்களுக்கு முதலில் ஒரு தடவை தனியே பூசி, பின்னர் முழுமைக்கும் பூச வேண்டும். பிரைமர் மட்டும் மழையைத் தாங்காது. அதன்மேல் எனாமல் வர்ணம் இரு பூச்சு அவசியம். ஒவ்வொரு பூச்சும் டப்பாவில் குறித்த நேரம் வரை உலர்ந்த பின்னரே அடுத்ததை இடுக.

மண்ணோடு உராயும் கொழு, ரோட்டவேட்டர்க் கத்தி, மரையுள்ள பகுதிகள், அச்சுக்கள் ஆகியவற்றிற்கு வர்ணம் வேண்டியதில்லை. கிரீஸ் தடவினால் போதும். சக்கரத் தகடும் மையக்குடமும் பொருந்துமிடத்தில் தடித்த வர்ணம் இருந்தால், ஓட்டத்தில் அது நசுங்கி நட்டுக்கள் தளரும்.

கழித்துவிட வேண்டியவை

துருவைச் சுரண்டிய பின் மிஞ்சியிருக்கும் இரும்பு எவ்வளவு என்பதே கேள்வி. டிரெய்லர்க் கொக்கி, அதில் செருகும் பின், ஸ்டீயரிங் கம்பி, பிரேக் உறுப்புக்கள், சக்கரப் போல்ட்டுக்கள் ஆகியவற்றில் ஆழ்ந்த குழிகளோ விரிசலோ தேய்மானமோ காணப்பட்டால், வர்ணம் பூசி மறைக்காமல் புதியதை வாங்கிப் பொருத்துக. பின்னின் பருமனைப் புதிய பின்னோடு அளந்து பார்ப்பது எளிது. கரும்போ நெல்லோ ஏற்றிய டிரெய்லர் மேட்டில் பின் ஒடிந்து பின்னோக்கி உருண்டால், பின்வருவோர்க்குத் தப்ப வழியில்லை. அதனுடன் ஒப்பிட்டால் புதிய பின்னின் விலை மிகச் சொற்பம்.

பின்னும் சில யோசனைகள்

டெல்டாப் பகுதிகளில் சம்பா நடவுக்கான சேற்றுழவு முடிந்து வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் கிடைக்கும் சில வெயில் நாட்களே இவ்வேலைக்கு ஏற்ற காலம். கருவிகளைக் கழுவாமல் மழைக்காலத்தைக் கடத்துவது ஒரு வருஷத்து ஆயுளை வீணாக்குவதாகும். கழுவிக் காயவைத்துக் கிரீஸ் தடவி, தரையில் கிடத்தாமல் மரக்கட்டைகளின்மேல் ஏற்றி, உர மூட்டைகளுக்கு எட்ட வைத்தால் துருவில் பெரும்பகுதி வராமலே போகும். உபயோகித்த திராவக நீரைச் சோடாவால் முறித்த பின்னும் கிணற்றருகிலோ குளத்திலோ வாய்க்காலிலோ விடலாகாது. எண்ணெய் வர்ணம் துடைத்த துணிகளைக் குவித்து வைத்தால் தாமே சூடேறித் தீப்பற்றக் கூடும், விரித்து உலர்த்துக.

ஊராட்சிக்குச் சொந்தமான டிராக்டர், குப்பை வண்டி, தண்ணீர் டிரெய்லர் ஆகியவற்றைப் பொறுப்பில் வைத்திருப்போர், ஆண்டுக்கு ஒருமுறை அவற்றின் கொக்கி, பின், அடிச்சட்டம் ஆகியவற்றைச் சுரண்டிப் பார்த்துப் பதிவேட்டில் குறித்து வருவார்களாயின், பொதுப்பணமும் மிஞ்சும். வண்டியோட்டுவோரின் உயிருக்கும் காவலாகும்.