உங்களுக்குத் தெரியுமா? டிரெய்லர் ஜன்னலைக் கழற்றச் சுவரை உடைக்க வேண்டாம்!

அமெரிக்காவில் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் எடை குறைந்த டிராவல் டிரெய்லர்கள் பலவற்றில், ஜன்னலின் வெளிச்சட்டமும் உள்வளையமும் மெல்லிய சுவரை இருபுறமும் கவ்விப் பிடித்திருக்கும். உள்ளேயிருந்து திருகுகளைக் கழற்றி, ஓரத்துப் பசையை விடுவித்தால் முழு ஜன்னலும் வெளிப்பக்கமாக வந்துவிடும்.

ஜன்னல் கண்ணாடி உடைந்தால் கடையில் வெட்டி வாங்கிப் பொருத்தலாமா? அது டெம்பர்டு (சூடேற்றிப் பதப்படுத்திய) கண்ணாடி என்றால் அது நடக்காது. வெட்ட முயன்றால் அது சிறு சிறு துண்டுகளாகச் சிதறிவிடும். அதனால் முதலில் அளவாக வெட்டி, பிறகுதான் சூடேற்றிப் பதப்படுத்துகிறார்கள்.

மழைநீரைத் தடுப்பது வெளிச்சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே வைக்கும் பியூட்டைல் நாடா. எளிதில் இறுகாத இந்தப் பசை, பயணக் குலுக்கலுக்கு நெகிழ்ந்து கொடுக்கும். பழைய பசையை முழுவதும் சுரண்டி எடுத்த பிறகே புதியதை ஒட்ட வேண்டும். இல்லையென்றால் நீர் கசிந்து, சுவருக்குள் இருக்கும் மரச்சட்டம் மக்கத் தொடங்கும்.

ஐரோப்பிய கேரவன்களில் பெரும்பாலும் இரட்டை அடுக்கு அக்ரிலிக் ஜன்னல்கள்தான். அக்ரிலிக்கின் அடர்த்தி கண்ணாடியில் பாதிக்கும் குறைவு. ஆனால் ஆல்கஹால் கலந்த திரவத்தால் துடைத்தால் மயிரிழை போன்ற விரிசல்கள் விழக்கூடும். மென்மையான சோப்புத் தண்ணீரும் பருத்தித் துணியும் போதும்.