அம்மைக்கு ஆடிய கரகம் கொரோனாவில் நின்றது ஏன்?

பங்குனி பிறந்தாலே ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கம் மாரியம்மன் கோயில் திருவிழாக்கள் களைகட்டும். கரகாட்டக் குழுக்களுக்கு சீசன் தொடங்கும். 2020 பங்குனியில் அந்த மேளச்சத்தமே இல்லை. மார்ச் 25 முதல் நாடு முழுக்க ஊரடங்கு. அந்த ஆடிப்பூரத்துக்கு ஆண்டாளின் பெரிய தேரும் ஓடவில்லை. 2022-ல்தான் மறுபடி வடம் பிடித்தார்கள்.

இதில் என்ன முரண்?

அம்மை நோய் அண்டாமல் காக்கச் சொல்லி மாரியம்மனுக்குக் கரகம் எடுப்பது ஊர் வழக்கம். பெரியம்மை ஒழிந்ததாக 1980-ல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்த பிறகும் ஆட்டம் நிற்கவில்லை. ஆனால், கொரோனா பரவுவது மூச்சுக்காற்றில். விடிய விடிய கூட்டம் சேர்க்கும் கலையே ஆபத்தாகிப்போச்சு.

யாருக்கு நஷ்டம்?

ஆடுபவருக்கு மட்டுமல்ல. நாதஸ்வரம், தவில், பம்பை, உறுமி என மொத்த செட்டுக்கும் வருமானம் போச்சு. திருவிழா மாசங்களில் சம்பாதித்துத்தான் மிச்ச மாசங்களை ஓட்டணும்.

பிறகு என்ன செய்தார்கள்?

தமிழகத்தின் பல ஊர்களில் கரகம், பொய்க்கால் குதிரைக் கலைஞர்கள் மாஸ்க், கைகழுவுதல் பற்றிய விழிப்புணர்வுக்காக ஆடினார்கள். அரசு நிவாரணம் முதலில் கிடைத்தது, நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிந்தவர்களுக்குத்தான். கையில் வாரிய அட்டை இருப்பது எவ்வளவு முக்கியம் என்பது அப்போதுதான் பலருக்கும் புரிந்தது.