உங்களுக்குத் தெரியுமா? பால்வீதிப் பட்டையின் வேகத்தைக் குறைக்கும் கரும்பொருள்

★ கன்னியாகுமரிக் கடற்கரையில் நின்றே, நடுவில் விண்மீன்கள் நீண்ட பட்டையாகத் திரண்டுள்ள இரண்டு விண்மீன் மண்டலங்களை வெறுங்கண்ணால் பார்க்கலாம். ஒன்று, நாம் குடியிருக்கும் பால்வீதி. மற்றது, பெரிய மெகல்லன் மேகம். தை, மாசி முன்னிரவில், நிலவும் விளக்கொளியும் இல்லாத கரையில் தெற்கே பாருங்கள். அகத்திய நட்சத்திரத்துக்குக் கீழே, சற்று வலப்புறம், கடலுக்கு மேல் சுமார் 12 பாகை உயரத்தில் மங்கிய வெண்திட்டாகத் தெரியும். டெல்லியில் இது அடிவானத்துக்கு மேல் எழுவதே இல்லை.

★ பால்வீதியின் பட்டை ஏறத்தாழ 27,000 ஒளியாண்டு நீளம் என்று 2005இல் ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கி காட்டியது. அது ஒருமுறை சுற்றிவரச் சுமார் 15 கோடி ஆண்டுகள் ஆகும்.

★ அந்தச் சுழற்சியைக் கரும்பொருள் மெல்லத் தடுக்கிறது. கண்ணுக்கோ கருவிக்கோ ஒளி காட்டாத இந்தப் பொருள் மண்டலத்தைச் சூழ்ந்திருக்கிறது. பட்டை சுழலும்போது அதன் ஈர்ப்பால் இழுபடும் கரும்பொருள், பட்டைக்குச் சற்றுப் பின்னால் திரண்டு, அதைப் பின்னோக்கி இழுக்கிறது. பட்டை இழக்கும் சுழல் உந்தம் கரும்பொருளிடம் போய்ச் சேர்கிறது. வேகம் குறையக் குறைய, பட்டை நீண்டு வலுக்கும்.

★ இதற்கு அடிப்படையான ‘இயக்க உராய்வு’க் கணக்கை 1943இல் வகுத்தவர் ஒரு தமிழர்: சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1983இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர். விண்மீன்களுக்காக அவர் போட்ட கணக்கு, இன்று கரும்பொருளுக்கும் பொருந்துகிறது.

★ கையா விண்கலம் அளந்த விண்மீன் நகர்வுகளை ஆராய்ந்த ரிம்பெய் சிபா, ரால்ஃப் ஷோன்ரிஹ் குழுவினர், பால்வீதிப் பட்டை தோன்றிய நாளிலிருந்து குறைந்தது 24 சதவீதம் வேகம் இழந்திருப்பதாக 2021இல் அறிவித்தார்கள்.

★ என்.ஜி.சி. 3741 என்பது கரும்பொருள் மிகுந்த ஒரு குட்டி மண்டலம். அதிலுள்ள ஹைட்ரஜன் வாயுப் பட்டை, கரும்பொருளின் தடுப்புக்கு ஏற்ப மெதுவாகச் சுழல்வதை, புணே அருகிலுள்ள மாபெரும் மீட்டர் அலை ரேடியோ தொலைநோக்கியின் தரவுகளைக் கொண்டு இந்திய ஆய்வாளர்கள் 2013இல் கண்டறிந்தார்கள்.

★ ஆனால், இதுவரை அளந்த பட்டைகளில் பல, கணினி மாதிரிகள் எதிர்பார்ப்பதைவிட வேகமாகச் சுழல்கின்றன. மண்டலங்களின் நடுவே கரும்பொருள் எவ்வளவு இருக்கிறது என்ற விவாதம் அதனால் தொடர்கிறது. கையா தரவுகள் யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தும்படி இணையத்தில் திறந்தே இருக்கின்றன. நாகர்கோவிலில் இயற்பியல் படிக்கும் பிள்ளைகளும் இந்தக் கணக்கில் கை வைக்கலாம், வைக்க வேண்டும்.